தபால் தலை அல்லாத வில்லைகள்: சிண்ட்ரெல்லா சேகரிப்புக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளிக்கூட விடுமுறை ஒன்றில், வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடந்த பழைய உறைகளை எல்லாம் எடுத்து ஒரு தாம்பாளத் தண்ணீரில் ஊற வைத்தேன். தபால் தலைகள் கழன்று மிதந்தன. கூடவே சில உறைகளின் பின்பக்கத்திலிருந்து வேறு சில வண்ணச் சீட்டுகளும் கழன்றன. ஓரத்தில் தபால் தலை போலவே பல் வரிசை. நடுவில் இரண்டு குறுக்குக் கோடுகள் கொண்ட சிவப்புச் சிலுவை. தபால் துறையின் பெயர் எங்கும் இல்லை. ஸ்டாம்ப் இல்லை என்று முடிவு செய்து, நனைந்த உறைகளோடு சேர்த்துக் குப்பையில் போட்டுவிட்டேன்.

அவை காசநோய் ஒழிப்புக்காகப் பணம் திரட்ட விற்கப்பட்ட வில்லைகள் என்பது பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்தது. எங்கள் குடும்பத்தில் யார் அவற்றை வாங்கினார்கள், எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து எழுதிய கடிதத்தில் ஒட்டினார்கள் என்பதற்கு அந்த உறைகள் மட்டுமே சாட்சி. அன்று காப்பாற்றிய தபால் தலைகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. அவை எந்த வியாபாரியிடமும் சில ரூபாய்க்குக் கிடைக்கும். குப்பைக்குப் போனவை எங்கும் கிடைக்காது.

அந்த இழப்பிலிருந்து கற்ற ஒரு விதியைச் சுற்றித்தான் இந்த வழிகாட்டி முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது: வில்லையை அது ஒட்டப்பட்ட தாளிலிருந்து பிரிக்காதீர்கள்.

பெயர் பற்றி ஒரு சொல்

தபால் கட்டணமாகச் செல்லாத, ஆனால் தபால் தலையின் வடிவத்தில் இருக்கும் வில்லைகளைச் சேகரிப்பாளர்கள் 'சிண்ட்ரெல்லா' என்று அழைக்கிறார்கள். கதையில் மாற்றாந்தாய் வீட்டில் அடுப்படியில் கிடந்த பெண்ணுக்கு அரண்மனை விருந்துக்கு அழைப்பு இல்லை. இந்த வில்லைகளுக்கும் பெரிய தபால் தலைப் பட்டியல்களில் இடம் இல்லை. பிரிட்டனில் 1959இல் இவற்றுக்கென்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 'நீதிமன்றக் கட்டண வில்லை' என்பதில் நம் ஊரில் ஏற்கெனவே புழங்கும் 'வில்லை' என்ற சொல்லையே இந்தக் கட்டுரையில் எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறேன்.

படி 1: கையில் இருப்பது எது என்று பாருங்கள்

எந்த வில்லை கிடைத்தாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். யார் வெளியிட்டார்கள்? கடிதத்தைச் சுமந்து செல்வதற்கான கட்டணமாக அரசுத் தபால் துறை அதை ஏற்றதா? அதை ஒட்டுவது கட்டாயமா, விருப்பமா?

மூன்றாவது கேள்வியின் அருமையைக் காட்ட நம் நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் பெருந்திரளாக வந்தபோது, அந்த ஆண்டு நவம்பர் 15 முதல் கடிதங்களில் கூடுதலாக 5 பைசா அகதிகள் நிவாரணத் தலை ஒட்ட வேண்டும் என்று இந்திய அரசு விதித்தது. பார்த்தால் நன்கொடை வில்லை போலத்தான் இருக்கும். ஆனால் அதை வெளியிட்டது தபால் துறை, ஒட்டுவதும் கட்டாயம். ஆகவே அது அதிகாரபூர்வமான வரித் தலை. பெரிய பட்டியல்களில் அதற்கு எண் உண்டு. காசநோய் வில்லையை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. விரும்பியவர் வாங்கினார், விரும்பிய இடத்தில் ஒட்டினார். அது சிண்ட்ரெல்லா.

இதே போல, திருவிதாங்கூரின் 'அஞ்சல்' தலைகளையும் சிண்ட்ரெல்லா என்று எண்ணிவிடக் கூடாது. அவை ஒரு சமஸ்தானத்தின் முறையான தபால் தலைகள். அதே திருவிதாங்கூரின் நீதிமன்றக் கட்டண வில்லைகளோ தபாலோடு தொடர்பே இல்லாதவை. ரெவின்யூ ஸ்டாம்ப், கோர்ட் ஃபீ போன்ற அரசு வரி வில்லைகள் சிண்ட்ரெல்லாவில் சேருமா என்பதில் சேகரிப்பாளர்களிடையே நெடுநாள் வாக்குவாதம் உண்டு. அவை தனித் துறை என்பவர்கள் பலர். பன்னாட்டுக் கண்காட்சிகளில் அவற்றுக்குத் தனிப் பிரிவே இருக்கிறது. புதிதாகத் தொடங்குகிறவர் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. நம் வீடுகளில் மிக எளிதாகக் கிடைப்பவை அவைதாம்.

படி 2: குடும்பங்களை அறிந்துகொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேர்க்க முடியாது. ஆனால் என்னென்ன உண்டு என்று தெரிந்தால்தான் எது உங்களுக்குப் பிடிக்கும் என்று தெரியும்.

நன்கொடை வில்லைகளிலிருந்து தொடங்குகிறேன். டென்மார்க்கின் தபால் ஊழியர் ஐனார் ஹோல்போல், கிறிஸ்துமஸ் வாழ்த்துக் கடிதங்கள் மலைபோல் குவிவதைப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒரு சிறு நன்கொடை வில்லை ஒட்டப்பட்டால் நோயுற்ற குழந்தைகளுக்கு எவ்வளவு பணம் சேரும் என்று யோசித்தார். 1904இல் அரசி லூயிஸின் உருவத்தோடு முதல் கிறிஸ்துமஸ் வில்லை வெளிவந்தது. முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கும் மேல் விற்றது. அமெரிக்காவில் எமிலி பிஸ்ஸெல் 1907இல் டெலவேர் மாநிலத்தின் வில்மிங்டன் தபால் நிலையத்தில் ஒரு சென்ட்டுக்கு ஒன்று என்று விற்கத் தொடங்கினார். மூடப்படும் நிலையில் இருந்த ஒரு சிறிய காசநோய் மருத்துவமனையைக் காப்பாற்ற அவருக்குத் தேவைப்பட்டது 300 டாலர். கிடைத்தது ஏறக்குறைய 3,000 டாலர்.

இந்தியக் காசநோய்ச் சங்கம் 1950இலிருந்து இதே வழியில் வில்லைகளை வெளியிட்டது. ஆண்டுதோறும் காந்தி பிறந்த நாளான அக்டோபர் 2இல் விற்பனையைத் தொடங்குவது வழக்கம். அடையாளம் காண எளிய வழி, இரட்டைக் குறுக்குச் சிலுவை. 1902இல் பெர்லினில் நடந்த மாநாட்டில் காசநோய் ஒழிப்பின் சின்னமாக அது முன்மொழியப்பட்டது. பள்ளிக்கூடங்களில் மாணவர்களிடம் விற்ற வில்லைகளும், டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளில் சட்டையில் குத்திக்கொண்ட சிறு கொடிகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதாம்.

அடுத்தது உள்ளூர்த் தபால் வில்லைகள். பிரிட்டனின் பிரிஸ்டல் கால்வாயில் லண்டி என்று ஒரு சிறு தீவு. 1925இல் மார்ட்டின் கோல்ஸ் ஹார்மன் அதை விலைக்கு வாங்கினார். அரசுத் தபால் நிலையம் 1927 முடிவோடு மூடப்பட்டது. தீவிலிருந்து கரைக்குக் கடிதங்களை அவரே அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தச் செலவுக்காக 1929 நவம்பரில் தீவுக்கென்று வில்லைகள் வெளியிட்டார். அவற்றின் மதிப்பு பவுண்டிலோ பென்னியிலோ இல்லை, தீவில் வாழும் பஃபின் பறவையின் பெயரில். அரை பஃபின், ஒரு பஃபின். அதே பெயரில் நாணயமும் அச்சிட்டதற்காக அவருக்கு நீதிமன்றம் 5 பவுண்டு அபராதம் விதித்தது, வில்லைகள் தொடர்ந்தன. லண்டியிலிருந்து புறப்பட்ட உறையில் அரசுத் தபால் தலை வலது மேல் மூலையில் இருக்கும். பஃபின் வில்லை அதற்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்பதால் பின்பக்கத்திலோ இடது மூலையிலோ இருக்கும். கடிதம் கடலைக் கடந்த கூலி ஒரு வில்லையில், நிலத்தில் பயணித்த கூலி இன்னொன்றில். உறையோடு பார்த்தால் மட்டுமே இந்தக் கதை புரியும்.

போலி நாடுகளின் வில்லைகள் இன்னொரு குடும்பம். இன்றைய வியட்நாமின் மலைப்பகுதியில் 1888இல் ஒரு பிரெஞ்சுக்காரர், மேரெனா, தன்னை 'செடாங்' நாட்டு மன்னனாக அறிவித்துக்கொண்டார். அந்த நாட்டின் பெயரிலும் வில்லைகள் உண்டு. ஸ்காட்லாந்தின் ஆளில்லாத் தீவான ஸ்டாஃபாவின் பெயரில் பறவைப் படங்களோடு நூற்றுக்கணக்கில் அச்சாகின. நம் நாகாலாந்தின் பெயரிலும் வெளிநாட்டில் இப்படி அச்சடித்துப் பள்ளி மாணவர்களின் ஆல்பங்களுக்கு விற்றார்கள். நாகாலாந்து இந்தியாவின் மாநிலம். அதற்குத் தனித் தபால் தலை இருந்ததே இல்லை. இவற்றை விவரம் தெரிந்து வாங்குவதில் தவறில்லை. தபால் தலை என்று நம்பி வாங்கினால்தான் ஏமாற்றம்.

விளம்பர வில்லைகளின் பொற்காலம் முதல் உலகப் போருக்கு முந்தைய ஜெர்மனி. சாக்லேட், காப்பி, பொருட்காட்சி என்று எல்லாவற்றுக்கும் சுவரொட்டியின் குறும்பதிப்பாக வில்லை அடித்தார்கள். லூட்விக் ஹோல்வைன் போன்ற புகழ்பெற்ற சுவரொட்டி ஓவியர்களின் கைவண்ணத்தை இன்றும் குறைந்த விலையில் சொந்தமாக்கிக்கொள்ள இது ஒரு வழி. ஓவியத்தில் நாட்டம் உள்ளவர்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

போர்க்காலப் பரப்புரை வில்லைகளில் அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். அச்சிட்ட ஒன்று புகழ்பெற்றது. ஹிட்லரின் 12 ஃபென்னிக் தபால் தலையைப் போலவே இருக்கும். முகம் மட்டும் பாதி மண்டையோடாக இருக்கும். 'ஜெர்மன் பேரரசு' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'பாழான பேரரசு' என்று பொருள்படும் சொற்கள்.

நம் நாட்டோடு தொடர்புடைய இரண்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஒன்று ஆசாத் ஹிந்த் வில்லைகள். நேதாஜியின் இயக்கத்துக்காக 1943இல் பெர்லினில் ஜெர்மன் அரசு அச்சகம் இவற்றை அச்சிட்டது. ஏர் உழும் விவசாயி, இராட்டையில் நூற்கும் பெண், காயம்பட்ட வீரருக்குப் பணிவிடை செய்யும் செவிலியர், இந்திய வரைபடத்தின் மேல் அறுபடும் சங்கிலி. விடுவிக்கப்பட்ட மண்ணில் புழங்க வேண்டும் என்ற கனவோடு அச்சானவை. ஆனால் ஒரு கடிதத்தையும் அவை சுமக்கவில்லை. ஓர் அரசின் வெளிவராத தபால் தலை என்று சொல்லலாம். என் சேகரிப்பில் இருப்பவற்றுள் நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது அந்தச் சங்கிலி வில்லையைத்தான்.

மற்றொன்று ராக்கெட் தபால். கல்கத்தாவைச் சேர்ந்த ஸ்டீபன் ஸ்மித் 1934 செப்டம்பர் 30 அன்று சாகர் தீவருகே ஒரு கப்பலிலிருந்து கரையை நோக்கிக் கடிதங்களை ராக்கெட்டில் ஏவினார். அடுத்த பத்தாண்டுகளில் இருநூற்றுக்கும் மேற்பட்ட ராக்கெட்டுகள். 1935இல் சிக்கிம் மன்னரின் ஆதரவோடு மலை ஆறுகளைத் தாண்டிக் கடிதங்களும் சிறு பொட்டலங்களும் பறந்தன. அதே ஆண்டு தாமோதர் நதியின் குறுக்கே ஒரு சேவலும் கோழியும் ராக்கெட்டில் பறந்து உயிரோடு இறங்கின. ஒவ்வொரு சோதனைக்கும் அவர் வில்லைகள் அச்சிட்டார். ராக்கெட் இறங்கிய பின் அந்தக் கடிதங்கள் முறையான தபால் தலையோடு தபாலில் சேர்ந்தன. 1992இல் இந்திய அரசு அவர் நினைவாகத் தபால் தலை வெளியிட்டது. பிரித்தெடுத்த ராக்கெட் வில்லை வெறும் வண்ணத் தாள். கருகிய ஓரமும் ஏவிய நாளின் முத்திரையும் உள்ள உறை ஒரு விண்வெளி ஆவணம்.

ஓவியர்கள் தாங்களே படைக்கும் கற்பனை நாட்டுத் தலைகள், தானியங்கி எந்திரங்களைச் சோதிக்க அடித்த வெற்று வில்லைகள், விமானத் தபால் நீலச் சீட்டுகள் என்று இன்னும் பல உண்டு. விமானத் தபால் சீட்டு 1918இல் பிரான்சில் பிறந்தது; விலை மலிவு, வகைகள் ஏராளம், குழந்தைகளுக்கு ஏற்றது.

படி 3: ஒரு வயலை மட்டும் உழுங்கள்

ஒரு நாடு, ஒரு நோக்கம் அல்லது ஒரு காலம். மூன்றில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். 'இந்தியக் காசநோய் வில்லைகள்', 'கொச்சி, திருவிதாங்கூர் நீதிமன்ற வில்லைகள்', 'என் மாவட்டத்துப் பதிவுத் தபால் சீட்டுகள்' என்ற அளவில் எல்லை இருந்தால் போதும். உலகம் முழுவதையும் சேர்க்கப் போனவர்களின் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். ஆயிரக்கணக்கில் இருக்கும், ஒன்றைப் பற்றியும் உரியவரால் இரண்டு வாக்கியம் சொல்ல முடியாது.

படி 4: தேடல் வீட்டிலிருந்து தொடங்கட்டும்

கடைக்குப் போகும் முன் பரணையும் பீரோவையும் பாருங்கள். தாத்தா காலத்துப் புரோநோட்டு ஒன்றாவது இருக்கும். 1906இல் இந்தியத் தபால் தலைகளில் 'தபாலும் வருவாயும்' என்ற பொருளில் இரு பயனும் அச்சாகத் தொடங்கியது. அதனால் மன்னர் ஏழாம் எட்வர்டின் ஓரணாத் தலை கடிதத்திலும் இருக்கும், கடன் பத்திரத்திலும் இருக்கும். பத்திரத்தில் இருந்தால் அதன் குறுக்கே கடன் வாங்கியவரின் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ ஓடும். அந்த ஒரு ரேகையால் அது ஒரு குடும்பத்தின் வரலாறாகிறது.

ரசீதுகளையும் விடாதீர்கள். 2004 வரை 500 ரூபாய்க்கு மேற்பட்ட ரசீதுக்கு ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் வேண்டியிருந்தது. பிறகு அந்த வரம்பு 5,000 ரூபாயாயிற்று. சம்பளப் பட்டியல், வாடகை ரசீது, சீட்டுக் கம்பெனி ரசீது எல்லாவற்றிலும் அது ஒட்டியிருக்கும்.

பழைய தந்தி ரசீது கிடைத்தால் கவனமாக வையுங்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியத் தந்திக்கென்று தனி வில்லைகள் இருந்தன. அவற்றை இரண்டாக வெட்டி, மேல்பாதியை அனுப்பியவரின் ரசீதில் ஒட்டித் தருவார்கள். கீழ்ப்பாதி அலுவலகத்தில் தங்கிப் பின்பு அழிக்கப்படும். சந்தையில் மேல்பாதிகள் எளிதாகக் கிடைப்பதற்கும், கீழ்ப்பாதி அரிதாக இருப்பதற்கும் இதுவே காரணம். பாதி வில்லை என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

இப்போது அவசரமாகச் சேர்க்க வேண்டியவை பதிவுத் தபால் சீட்டுகள். ஆர் என்ற ஆங்கில எழுத்தும் வரிசை எண்ணும், அச்சாகவோ ரப்பர் முத்திரையாகவோ ஊர்ப் பெயரும் கொண்ட சிறு சீட்டு. 2025இல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. வக்கீல் நோட்டீஸ், கோயில் பிரசாத உறை, பத்திரப் பதிவுக் கடிதம் என்று வீடுதோறும் கிடக்கும் இவற்றை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. சிற்றூர்த் தபால் நிலையங்களின் பெயர் தாங்கியவற்றை முதலில் கேட்டு வாங்குங்கள்.

வெளியே தேடப் போனால், சென்னையில் மூர் மார்க்கெட் பழைய பொருள் கடைகள், அண்ணா சாலைத் தபால் நிலையத்தின் தபால் தலைப் பிரிவு வாசலில் கூடும் சேகரிப்பாளர்கள், 1956இலிருந்து இயங்கும் தென்னிந்தியத் தபால் தலைச் சேகரிப்பாளர் சங்கத்தின் கூட்டங்கள் ஆகியவை நல்ல இடங்கள். வியாபாரியிடம் 'சிண்ட்ரெல்லா இருக்கிறதா' என்று கேட்பதைவிட, 'ஆல்பத்தில் சேராத சீட்டுகள் ஏதாவது இருக்கிறதா' என்று கேளுங்கள். மேசைக்கடியில் இருக்கும் பெட்டி வெளியே வரும்.

ஓர் எச்சரிக்கை. நீதிமன்ற, அரசு அலுவலகக் கோப்புகளிலிருந்து கிழித்தெடுத்த வில்லைகளும் சந்தைக்கு வருகின்றன. எடைக்குப் போட்ட காகிதம் என்று சொல்வார்கள். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத கோப்புத் தாளை நான் வாங்குவதில்லை. 75 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று மதிப்புள்ள ஆவணங்கள் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும் என்பதால், வெளிநாட்டுக்கு விற்கவோ அனுப்பவோ முயலும் முன் சட்டத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஊற வைப்பதற்கு முன் நில்லுங்கள்

தபால் தலைச் சேகரிப்பில் வந்தவர்களின் கை முதலில் தண்ணீரைத்தான் தேடும். இங்கே அதற்கு இரண்டு தடைகள் உண்டு.

முதலாவது, மை. பயன்படுத்திய ரெவின்யூ வில்லையைக் கழுவி மறுபடி ஒட்டும் மோசடியைத் தடுக்க, நீர் பட்டால் கரையும் மையை வேண்டுமென்றே பயன்படுத்தினார்கள். நன்கொடை வில்லைகள் பலவும் மலிவான மையில் அச்சானவை. ஐந்து நிமிட நீரில் நிறம் முழுவதும் போய்விடும்.

இரண்டாவது, சான்று. உறையின் மீது விழுந்த தபால் முத்திரை, பாதி உறையிலும் பாதி வில்லையிலும் பதிந்திருந்தால், அந்த நாளில் அந்த வில்லை அங்கே இருந்தது உறுதி. பின்னால் யாரும் கொண்டுவந்து ஒட்டவில்லை. சிண்ட்ரெல்லா உறைகளின் மதிப்பு பெரும்பாலும் இந்த ஒரு புள்ளியில்தான் நிற்கிறது. முத்திரை வில்லையைத் தொடவில்லை என்றாலும் பிரிக்க வேண்டாம். வில்லையைச் சுற்றி உறையின் நிறம் மங்கியிருக்கிறதா, பசை உறைக்குள் ஊறியிருக்கிறதா என்று பார்த்தால் நெடுநாள் ஒட்டியிருந்ததா என்பது ஓரளவு தெரியும்.

நீதிமன்ற வில்லையில் நடுவில் ஓட்டை இருந்தால் சேதம் என்று தள்ளிவிடாதீர்கள். 1870ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டமே, தொகை தெரியும்படி விட்டுவிட்டு வில்லையின் தலை உருவத்தைத் துளையிட்டு எடுத்து, எடுத்த துண்டை அழித்துவிட வேண்டும் என்று சொல்கிறது. ஓட்டைதான் அதன் முத்திரை. ஓட்டையில்லாத பழைய வில்லை ஒன்று பத்திரத்தின் மீது ஒட்டியிருந்தால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

உறையே கிழிந்து, பூஞ்சை பிடித்து, காப்பாற்ற வழியில்லை என்றால் மட்டும் வில்லையைச் சுற்றி நான்கு பக்கமும் இரண்டு விரற்கடை விட்டு, முத்திரை முழுதும் அகப்படும்படி வெட்டுங்கள். அதற்கு முன் உறையின் இருபுறத்தையும் படம் எடுத்துவிடுங்கள்.

படி 6: அடையாளம் காணுதல்

தேவையான கருவிகள் குறைவு. தட்டையான முனை கொண்ட சாமணம், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், பல் அளவி, சிறிய புறஊதா விளக்கு. விரலால் தொடாதீர்கள், வியர்வை எண்ணெய் சில ஆண்டுகளில் பழுப்பாகத் தெரியும்.

பல் அளவு என்பது இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் எத்தனை துளைகள் என்பதுதான். ஒரே வில்லை இரண்டு அளவுகளில் இருந்தால் இரண்டு முறை அச்சாகியிருக்கலாம். தாளின் ஓரத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்த ஓரத்தைக் கிழிக்காதீர்கள். டென்மார்க் கிறிஸ்துமஸ் வில்லைகள் பலவற்றில் ஒரு தாளின் 50 வில்லைகளும் சேர்ந்து ஒரே காட்சியாக விரியும். அத்தகைய தாள் முழுதாகக் கிடைத்தால் முழுதாகவே வையுங்கள்.

ஆண்டு அச்சிடப்படாத வில்லைக்குக் காலம் குறிப்பது எப்படி? உறையின் முத்திரையில் நாள் இருக்கும். அது கலைந்திருந்தால் பக்கத்தில் உள்ள தபால் தலை எந்த வரிசையைச் சேர்ந்தது என்று பாருங்கள். முகவரியில் பின் கோடு (அஞ்சல் குறியீட்டு எண்) எழுதியிருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தியது. அணாவா, நயா பைசாவா, பைசாவா என்பதும் கைகொடுக்கும்: தசம நாணயம் 1957 ஏப்ரலில் வந்தது, 'நயா' 1964இல் போனது. இவை எல்லாமே உறை தரும் செய்திகள். தனி வில்லை இவற்றில் ஒன்றையும் தராது.

படி 7: போலியின் போலி

அதிகாரபூர்வமற்ற வில்லைக்குப் போலி எதற்கு என்று தோன்றும். ஆனால் விலை ஏறியதும் போலியும் வந்துவிடுகிறது. ஓ.எஸ்.எஸ். மண்டையோட்டு வில்லையின் நகல்கள் அசலைவிடப் பல மடங்கு அதிகமாகப் புழங்குகின்றன. ஆசாத் ஹிந்த் வில்லைகளும் அப்படித்தான்.

இரண்டு சோதனைகளை வீட்டிலேயே செய்யலாம். லென்ஸில் பாருங்கள். ஆசாத் ஹிந்த் வில்லைகளின் பெர்லின் அச்சு போட்டோகிரேவியூர் முறை. நிறம் மிக நுண்ணிய ஒரே சீரான வலைக் கட்டங்களாகத் தெரியும். வீட்டுக் கணினி அச்சில் நீலம், சிவப்பு, மஞ்சள் புள்ளிகள் கலந்து கிடக்கும். பிறகு இருட்டறையில் புறஊதா விளக்கைக் காட்டுங்கள். தாளை வெளுப்பாக்கும் ஒளிர்பொருள்கள் காகிதத் தொழிலில் பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு. 1943இன் தாள் என்று சொல்லப்படுவது நீலவெள்ளையாகப் பளிச்சிட்டால் பணத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். பளிச்சிடவில்லை என்பதால் மட்டும் அது அசலாகிவிடாது. விலை ஆயிரங்களில் இருந்தால் அனுபவமுள்ள ஒருவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

வில்லை அசல், உறை அசல், ஆனால் இரண்டும் பிற்பாடு சேர்க்கப்பட்டவை என்ற வகைதான் மிகக் கடினம். முத்திரையின் கோடு உறையிலிருந்து வில்லைக்குப் போகும் இடத்தில் லென்ஸை வைத்து, மையின் அடர்த்தியும் கோட்டின் வளைவும் தடையின்றித் தொடர்கின்றனவா என்று பாருங்கள்.

படி 8: நம் வெயிலிலும் மழையிலும் காப்பது

ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும் பாதுகாப்பு முறைகள் நம் ஐப்பசிக்கும் கார்த்திகைக்கும் போதாது. ஈரத்தில் பசை இளகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். பழுப்புப் புள்ளிகள் படரும். இராமபாணப் பூச்சியும் கரையானும் பசையைத் தேடி வரும்.

பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். சில ஆண்டுகளில் எண்ணெய்ப் பசை கசிந்து மையைக் கரைக்கும். பாலியெஸ்டர் அல்லது பாலிப்ரோப்பிலீன் உறை நல்லது. அமிலமற்ற தாள் கிடைக்காவிட்டால், செய்தித்தாளையும் பழுப்புக் காகிதத்தையும் மட்டுமாவது அருகில் வைக்காதீர்கள். ஆல்பங்களைப் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் பாரத்தில் ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரி வேண்டாம். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வைத்து, நிறம் மாறியதும் காய வைத்துத் திரும்ப வையுங்கள். அடைமழை நாட்களில் ஆல்பத்தைத் திறக்கவே வேண்டாம். மாசி, பங்குனி மாதத்துக் காலை நேரத்தில், வெயில் நேரே படாத இடத்தில், மின்விசிறி போடாமல் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காற்றாட விடுங்கள். அந்துருண்டையைத் தவிர்த்துவிடுங்கள், அதன் ஆவி பிளாஸ்டிக்கையும் சில மைகளையும் கெடுக்கும்.

படி 9: விலை

பட்டியல் விலை இல்லை என்பது இந்தத் துறையின் சுதந்திரம், ஆபத்தும் அதுவே. ஒரே வில்லையை ஒருவர் இருபது ரூபாய் என்பார், இன்னொருவர் இரண்டாயிரம் என்பார். இணைய ஏலங்களில் கேட்ட விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஆறு மாதம் வாங்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் எது அரிது, எது 'அரிது' என்று சொல்லப்படுவது என்று பிடிபடும். தொடக்கத்தில் கலவையாக ஒரு கட்டு வாங்குவது தனித்தனியாக வாங்குவதைவிட அதிகம் கற்றுத்தரும். வாங்கிய நாள், ஊர், விலை மூன்றையும் அன்றே எழுதுங்கள்.

படி 10: பக்கம் எழுதுதல்

பட்டியல் இல்லாத துறையில் நீங்கள் எழுதும் குறிப்புதான் பட்டியல். அதனால் இந்தப் படியைத் தள்ளிப்போட வேண்டாம். ஒரு பக்கத்துக்கு ஓர் உறை அல்லது ஒரு பத்திரம் போதும். முனைகளைப் பிடிக்கும் மூலைத்தாள்களில் பொருத்துங்கள். பசையோ ஒட்டுநாடாவோ கூடாது. பின்பக்கத்தில் வில்லை இருந்தால் அந்தப் பக்கத்தின் வண்ணப் படத்தைச் சிறிதாக அச்சிட்டு அருகில் வையுங்கள். கீழே குறிப்பு: வெளியிட்டவர், நோக்கம், ஆண்டு, அச்சு முறை, பல் அளவு, உறையின் பயணம், எங்கே எப்போது கிடைத்தது. உறுதியாகத் தெரிந்ததை மையிலும், ஊகத்தைப் பென்சிலிலும் எழுதுங்கள்.

என் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் ஒரு கடித உறை இருக்கிறது. முன்பக்கம் 15 பைசாத் தபால் தலை, பின்பக்கம் உறையின் மடிப்பின் மேல் இரட்டைக் குறுக்குச் சிலுவை வில்லை, அதன் மீது வந்துசேர்ந்த ஊரின் முத்திரையில் பாதி. ஊர்ப் பெயரில் கடைசி மூன்று எழுத்துகள் மட்டும் தெளிவாக இருக்கின்றன. அந்த ஊர் எது என்பதை இன்னும் பென்சிலில்தான் எழுதி வைத்திருக்கிறேன்.